பெங்களூரில் புதிதாக பைக் பழகுபவர்கள் பாதுகாப்புப் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டுமா? லைசென்ஸ் எடுத்தால் போதாதா?

போங்கள். அதுவும் வீட்டில் ஒரு மாமா "நானே கற்றுத்தருகிறேன்" என்று கிளம்புவதற்கு முன்னால் போய்விடுங்கள். அந்த மாமா நான்தான் என்பதால் சொல்கிறேன்.

தர்மபுரியில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் பதினான்கு வருடம் விவேக் நகரிலிருந்து ஓசூர் ரோடு வழியாக தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். போன வருடம் அக்கா மகள் இங்கே வேலைக்கு வந்து எல்.எல்.ஆர். எடுத்தாள். 30 நாள் கழித்துதானே டெஸ்ட், அதற்குள் நான் பழக்கிவிடுகிறேன் என்றேன். "வேண்டாம் மாமா, நீங்க கத்துவீங்க" என்று சொல்லிவிட்டு, சனி ஞாயிறு நடக்கும் வகுப்பு ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டாள். கொண்டுபோய் விடப் போனவன், ஓர் இடம் காலியாக இருக்கிறது என்றதும் நானும் சேர்ந்துகொண்டேன். சும்மா மரத்தடியில் உட்கார்ந்திருப்பதற்கு இது பரவாயில்லை என்கிற நினைப்புதான்.

முதல் ஒன்றரை மணி நேரம் ஆக்ஸிலரேட்டரைத் தொடவே விடவில்லை. முதல் கியரில் போட்டு, கிளட்சை நூல் நூலாக விட்டு, வண்டி எந்த இடத்தில் அசைகிறது என்று விரலுக்குத் தெரிகிற வரைக்கும் அதே வேலை. எனக்குக் கொட்டாவி வந்தது. அவளோ பத்தாவது முறையில் பாதி கிளட்சிலேயே, காலை ஊன்றாமல், நடக்கிற வேகத்தில் மைதானத்தைச் சுற்றி வந்துவிட்டாள்.

மதியம் பிரேக். அங்கேதான் என் மானம் போனது. 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டதும் பிரேக் பிடிக்க வேண்டும். நான் என் வண்டியிலேயே வந்தேன். வழக்கம்போலக் காலால் அழுத்தினேன். பின் சக்கரம் கீச்சென்று இழுத்துக்கொண்டு போய், கோட்டிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நின்றது. அவள் ஆறு மீட்டரில் நின்றாள்.

எங்கள் ஊரில் சைக்கிள் காலத்திலிருந்தே சொல்வார்கள், முன் பிரேக் போட்டால் குட்டிக்கரணம்தான் என்று. அதை நம்பி இருபது வருடம் பாதி பிரேக்கிலேயே ஓட்டியிருக்கிறேன். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. முன் டயர் ரோட்டில் அழுந்துகிறது, பின் டயர் லேசாகிறது. அதனால் நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். தூக்கியடிப்பது அதை வெடுக்கென்று பிடிப்பதால் வருகிற வினை. ஹேண்டிலை நேராக வைத்து, எலுமிச்சம்பழம் பிழிவதுபோல ஆரம்பத்தில் மெதுவாகவும் போகப்போக அழுத்தமாகவும், கூடவே பின் பிரேக்கும். என் வண்டி 2013 மாடல், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) கிடையாது. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் அது கட்டாயமானது 2019 ஏப்ரலிலிருந்துதான். ஆகவே இந்தக் கை நிதானம் எனக்குக் கூடுதலாகவே தேவை. அது படிய எனக்கு இரண்டாம் நாள் மதியம் வரை ஆனது. அவளுக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை, அதனால் சட்டென்று வந்துவிட்டது.

இன்னொன்றும் மனதில் நின்றது. யூ டர்ன் பழகும்போது எல்லோருமே கீழே வைத்த கூம்பைப் பார்த்து, சரியாக அதன் மேலேயே போய் இடித்தோம். பயிற்சியாளர் கன்னடக்காரர். "கண்ணு எல்லி, காடி அல்லி" என்று கத்திக்கொண்டே இருந்தார். கண் எங்கேயோ வண்டி அங்கே. குழியையே முறைத்துப் பார்த்தால் குழிக்குள்தான் போவோம். பக்கத்தில் இருக்கிற நல்ல ரோட்டைப் பார்க்க வேண்டுமாம். நம் ஊர் ரோட்டில் இது தினமும் உதவுகிறது.

லைசென்ஸ் டெஸ்டில் எட்டு போடுவது வண்டியை மெதுவாக வளைக்கத் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு. எனக்கு நடந்த டெஸ்டில் யாரும் வேகமாக வந்து நிற்கச் சொல்லவில்லை. ஆனால் ரோட்டில் தினமும் நடப்பது அதுதான். ஏப்ரல், மே மாதங்களில் பெருங்கொன்றை மஞ்சள் பூவைக் கொட்டிவைத்திருக்கும். அதன் மேல் முதல் மழை விழுந்தால், தூசியும் எண்ணெயும் சேர்ந்து வாழைப்பழத் தோல் மாதிரி ஆகிவிடும். வகுப்புக்கு முந்தின வருடம் அப்படி ஒரு மாலையில் பின் பிரேக்கை மட்டும் மிதித்து, ஆட்டோ ஒன்றின் பின்னால் சறுக்கி விழுந்தேன். முழங்கை தேய்ந்தது, பழியை மழை மீது போட்டுவிட்டேன்.

பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள்: வண்டி அவர்கள் தருகிறார்களா, ஒரு வண்டிக்கு எத்தனை பேர், அவசர பிரேக் பழக்குவார்களா. மூன்றாவதற்கு இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். இரண்டு நாளில் ரோட்டில் ஓட்டுகிற அளவுக்கு ஆகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் ஹெல்மெட்: ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக, முகத்தை மூடுகிறதாக வாங்குங்கள். மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிப் பாருங்கள். அது தனியாகச் சுழன்றால் அளவு பெரிது. போலீஸ்காரருக்காகத் தலையில் கவிழ்க்கிற சட்டி வேண்டாம்.

அவள் லைசென்ஸ் எடுத்துவிட்டாள். இப்போதும் சில ஞாயிற்றுக்கிழமை காலைகளில் காலி மைதானத்தில் நான் 30-ல் வந்து நிறுத்திப் பழகுகிறேன். போன வாரம் ஏழு மீட்டர்.