ஆச்சி பதில்கள்: கோழி உருளைக்கிழங்கு சூப்பு

ஐப்பசி மழை பிடிச்சதுலேருந்து வர்ற கடிதாசில பாதி சூப்பு பத்தித்தான் இருக்கு. அதனால இந்த வாரம் முழுக்க அதையே எடுத்துக்கிட்டேன்.

*கேள்வி: ஆச்சி, நான் வேலை முடிஞ்சு வீடு வர்றப்ப ஆறரை ஆயிரும். பையன் டியூஷன் விட்டு பசியோட வருவான். மாமியாருக்குப் பல்லு இல்ல, கடிச்சு சாப்பிட முடியாது. ரெண்டு பேருக்கும் ஒரே பாத்திரத்துல வயிறு நிறையற மாதிரி கோழி சூப்பு வைக்கணும். ஒரு தடவை உருளைக்கிழங்கு போட்டு செஞ்சு மிக்ஸியில அரைச்சு ஊத்தினேன், பசை மாதிரி இழுத்துக்கிட்டு வந்துச்சு, யாரும் குடிக்கல. எங்க தப்பு?*
*— தேவகோட்டை வாசகி*

தப்பு மிக்ஸிதாம்மா, வேற ஒண்ணுமில்ல. கிழங்குக்குள்ள மாவு குட்டிக் குட்டிப் பையில அடைச்சு வச்ச மாதிரி இருக்கும், கையால மசிச்சா அந்தப் பை பாதிக்கு மேல உடையாம அப்படியே பிரிஞ்சு வரும், மிக்ஸி பிளேடு எல்லாத்தையும் கிழிச்சு விட்டுருது, உள்ள இருக்குற மாவு பூரா வெளிய வந்து கோந்தாயிருது. இன்னொண்ணு, சுடச்சுட இருக்குறத மிக்ஸி ஜார்ல ஊத்தி மூடி ஓட்டவே கூடாது. எங்க வீட்லயே ஒரு தடவை ஆவி முட்டி மூடி தூக்கிக்கிட்டு மேல தெறிச்சுச்சு, நல்லவேளை பிள்ளைக யாரும் பக்கத்துல இல்ல.

நாலு பேருக்கு அளவு சொல்றேன். எலும்போட கோழி அரை கிலோ, தொடைக்கறியா கேட்டு வாங்குங்க, நெஞ்சுக்கறி மட்டும் போட்டா சக்கையாயிரும். உருளைக்கிழங்கு 300 கிராம், நடுத்தரமா மூணு வரும். சின்ன வெங்காயம் பதினஞ்சு, பூண்டு ஆறு பல்லு, கட்டைவிரல் நுனி அளவு இஞ்சி. மிளகு ஒன்றரை டீஸ்பூன், சோம்பு ஒரு டீஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன், சின்னத் துண்டு பட்டை, விரல் நகம் அளவுக்குக் கல்பாசி.

மிளகு, சோம்பு, சீரகம் மூணையும் வெறும் சட்டியில வாசம் வர்ற வரைக்கும் வறுத்து இடிகல்லுல ஒண்ணு ரெண்டா தட்டிக்கங்க. பொடியா அரைக்காதீங்க, வாயில அங்கங்க மிளகு தட்டுப்படணும். இதுல பாதியைத்தான் இப்ப போடணும், மிச்சப் பாதி இறக்குறப்ப. மிளகு வாசம் ரொம்ப நேரம் கொதிச்சா ஆவியோட போயிரும், காரம் மட்டும் தங்கும், அதான் இந்த ரெண்டு தவணை.

குக்கர்ல ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் ஊத்தி பட்டை, கல்பாசி போட்டு, தட்டுன வெங்காயம் பூண்டு இஞ்சிய வதக்கி, கோழி, மஞ்சத்தூள், கல்லுப்பு, தட்டி வச்ச மிளகு-சோம்பு-சீரகத்துல பாதி சேர்த்து கறி வெள்ளையா மாறி தண்ணி விடுற வரைக்கும் அஞ்சு நிமிஷம் பெரட்டுங்க. இந்த அஞ்சு நிமிஷத்துல அவசரப்படாதீங்க, கவிச்சி போறதே இங்கதான். அப்புறம் கிழங்கைத் தோல் சீவி பெரிய துண்டா நாலா வெட்டிப் போட்டு ஆறு டம்ளர் தண்ணி ஊத்தி மூடுங்க, குக்கர்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல போகக்கூடாது. பிராய்லர்னா மூணு விசில் போதும். அடுப்பை அணைச்சுட்டு பிரஷர் தானா இறங்கட்டும், அதுக்குள்ள நீங்க கை கால் கழுவி உடுப்பு மாத்திட்டு வந்துரலாம்.

இனிமே வர்றதுதான் முக்கியம். வெந்த கிழங்குல பாதியை மட்டும் சூட்டோட ஒரு கிண்ணத்துல எடுத்து பருப்பு மத்தால மசிங்க, ஒரு கரண்டி சூப்புத் தண்ணி விட்டு மசிச்சா கட்டி இல்லாம வெண்ணெய் மாதிரி வரும். அதைத் திரும்ப ஊத்திக் கலக்குங்க. மிச்சப் பாதி துண்டாவே கெடக்கட்டும். எங்க ஆயா கரண்டிய முக்கி எடுத்து அதோட முதுகுல விரலால ஒரு கோடு போட்டுப் பாப்பாக, கோடு அப்படியே நின்னா பதம் வந்துருச்சு, ரெண்டு பக்கமும் ஓடி மூடிருச்சுன்னா இன்னொரு துண்டு கிழங்கை எடுத்து மசிப்பாக. நான் இன்னிக்கும் அதான் பண்றேன். சோளமாவு கரைச்சு ஊத்துறவுக ஊத்தட்டும், கிழங்கு இருக்குற சூப்புக்கு அது வேண்டவே வேண்டாம், வழவழன்னு இருக்குமே தவிர பசி அடங்காது.

அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு, தட்டி வச்சதுல மிச்சப் பாதி, மல்லித்தழை போட்டு இறக்கி, எலுமிச்சம்பழம் அரை மூடி பிழிங்க. மாமியாருக்குக் கறிய எலும்புலேருந்து உருவி, சின்ன முள்ளு கூட இல்லாம விரலால தடவிப் பாத்துட்டு நார் நாராப் பிச்சு போட்டுக் குடுங்க. பையனுக்குத் துண்டோட. அடுப்பு பத்த வச்சதுலேருந்து நாப்பது நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுரும்.

*கேள்வி: நான் தக்காளி போட்டுத்தான் சூப்பு வைப்பேன். கோழி வெந்துருது, கிழங்கு மட்டும் நறுக் நறுக்குன்னு நிக்குது. கிழங்கு மோசமா?*
*— பள்ளத்தூர் வாசகர்*

கிழங்கு மேல பழி இல்ல. புளிப்புல கிழங்கு சீக்கிரம் குழையாது, தக்காளியானாலும் புளியானாலும் அப்படித்தான். கிழங்கு வெந்த பெறகு தக்காளிய வதக்கிச் சேருங்க. கிழங்கு வாங்குறப்பவும் பாருங்க, நகத்தால சுரண்டினாலே தோல் உரியுற புதுக் கிழங்கு வறுவலுக்கு நல்லாருக்கும், மசியாது. பச்சை படிஞ்சதையும் கசக்குறதையும் தூக்கிப் போட்டுருங்க, அது உடம்புக்கு ஆகாது.

*கேள்வி: நாட்டுக்கோழியில வச்சா கிழங்கு கரைஞ்சே போயிருது ஆச்சி. செட்டிநாட்டு மசாலா எல்லாம் போட்டேன், லேசா கசப்பும் அடிச்சுச்சு.*
*— கானாடுகாத்தான் வாசகி*

நாட்டுக்கோழிய முதல்ல தனியா ஆறேழு விசில் விடுங்க, முத்தல்னா இன்னும் ரெண்டு. அப்புறம் திறந்து கிழங்கு போட்டு ரெண்டே விசில். நேரம் கூடத்தான் ஆகும், அதனால அதை ஞாயித்துக்கெழமைக்கு வச்சுக்கங்க. கசப்பு கல்பாசியாலதான் வந்திருக்கும், அள்ளிப் போட்டா கசக்காம என்ன செய்யும்? மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ ரெண்டும் சூப்புக்கு நான் போடமாட்டேன், குழம்புக்கு வச்சுக்கங்க. சூப்புல கோழி வாசமும் மிளகு வாசமும் முன்னால நிக்கணும்.

*கேள்வி: உப்பு கூடிப்போச்சுன்னா ஒரு கிழங்கை வெட்டிப் போட்டா உறிஞ்சிருமா?*
*— காரைக்குடி வாசகி*

உப்பை மட்டும் தனியா உறிஞ்சாது. உப்புத் தண்ணியத்தான் சேர்த்து உறிஞ்சும், மிச்சத் தண்ணி அதே கரிப்புல நிக்கும். சுடுதண்ணி ஒரு டம்ளர் ஊத்துங்க, தண்ணியாப் போயிரும்னு பயந்தா உப்பில்லாம வேகவச்ச கிழங்கு ஒண்ணை மசிச்சு சேருங்க, கரிப்பும் குறையும் கெட்டியும் நிக்கும்.

*கேள்வி: மிச்ச சூப்பை ஃபிரிட்ஜ்ல வச்சேன், காலையில பாத்தா அல்வா மாதிரி உறைஞ்சு ஆடுது. கெட்டுப்போச்சுன்னு கொட்டிட்டேன். சரிதானே?*
*— புதுவயல் வாசகி*

அடடா, கொட்டிருக்க வேண்டாம்மா. எலும்புலயும் தோலுலயும் இருக்குற சத்து தண்ணியில இறங்கினா ஆறினதும் அப்படித்தான் உறையும், கூட கிழங்கு மாவும் இருக்குல்ல. நல்லா இறங்கியிருக்குன்னுதான் அர்த்தம். ஆனா இறக்கி ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜ்ல வச்சிருக்கணும், ராத்திரி பூரா அடுப்படியில கெடந்ததுன்னா யோசிக்காம கொட்டிருங்க. மறுநாள் தேவையானத மட்டும் எடுத்து அரை டம்ளர் சுடுதண்ணி விட்டு தளதளன்னு கொதிக்க வச்சு, எலுமிச்சம்பழத்த அப்புறமாப் பிழிஞ்சுக்கங்க.