காட்டுக் கேமரா: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: விஸ்காம் முடித்த என் மகள், ஆப்பிரிக்க சஃபாரி முகாமில் தங்கி வனவிலங்குப் படம் எடுக்கப் பயிற்சி பெற ஆசைப்படுகிறாள். நகையை அடகு வைத்துத்தான் அனுப்ப முடியும். பெரியாறு காட்டைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா?
- வாசகி, குமுளி

போகட்டும் அக்கா, ஆனால் இந்த வருஷம் வேண்டாம்.

நம் காட்டில் விலங்கைப் பார்ப்பதே பெரும்பாடு. தேக்கடிப் படகிலிருந்து யானைக் கூட்டம் தெரியும். ஃபோகஸ் வைப்பதற்குள் படகு நகர்ந்திருக்கும். மேகமலைச் சோலையில் சிங்கவால் குரங்கு இலைக்கு நடுவே முகம் காட்டிவிட்டு மறைந்துவிடும். கென்யாவின் மசாய் மாரா புல்வெளி அப்படியல்ல. சிவிங்கிப்புலி மான் கூட்டத்தை நோட்டம் விடுவது, பதுங்குவது, துரத்துவது, கோட்டை விட்டுத் திரும்புவது எல்லாம் வண்டியில் இருந்தபடியே முழுசாகக் கிடைக்கும். அங்கே கொடுக்கிற காசு அதற்குத்தான். சிங்கத்துக்காக என்றால் வேண்டாம், நாளில் 20 மணி நேரம் அது படுத்தேதான் கிடக்கும்.

ஆனால் அந்த ஊர் வெளிச்சக் கணக்கு இங்கே செல்லாது. விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஷட்டர் 1/50 விநாடியில் நிற்க வேண்டும். அங்கே அடிக்கிற வெயிலுக்கு என்டி ஃபில்டர் (லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) இல்லாமல் முடியாது. நம் ஏலக்காட்டு நிழலிலோ ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, எவ்வளவு ஏற்றினாலும் போதாது. அங்கே முற்பகலிலேயே கானல் கிளம்பி, டெலி லென்ஸில் எல்லாம் நெளியும். இந்தத் தொல்லை நமக்குக் கிடையாது.

அதனால் முதலில் மகள் ஒரு மலையணிலைப் பிடிக்கட்டும். கேமராவில்தான்! தெரிந்தவர் தோட்டத்துப் பலாமரம் போதும். புலிகள் காப்பகத்துக்குள் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். தூரக் காட்சி, க்ளோசப், அது பார்க்கிற திசையில் என்ன இருக்கிறது என்பது, தனியாகப் பதிவு செய்த சத்தம் எல்லாம் சேர்த்து மூன்று நிமிடப் படமாக வெட்டி ஒட்டட்டும். அதைச் செய்தவளுக்கு, மாராவில் எதை எடுக்காமல் விட்டோம் என்று அன்றைக்கு ராத்திரியே தெரியும். செய்யாதவள் அழகழகான துண்டுகளோடு வந்து நிற்பாள். வேலை கொடுப்பவர்கள் சான்றிதழைக் கேட்க மாட்டார்கள், படத்தைத்தான் கேட்பார்கள்.

பணம் கட்டும் முன் முகாமில் ஒன்று கேளுங்கள்: ஒரு வண்டியில் எத்தனை மாணவர்கள்? வரிசைக்கு மூன்று பேர் என்றால் நடுவில் உட்காருகிறவருக்குப் பக்கத்து ஆளின் தோள்தான் கிடைக்கும்.

கேள்வி: கனமான ட்ரைபாட் வாங்கினால் அங்கே உதவுமா? ட்ரோன்?
- வாசகர், கம்பம்

வண்டியை விட்டு இறங்கவே விடமாட்டார்கள், ட்ரைபாடை எங்கே விரிப்பது? ஜன்னலில் வைக்கிற பீன் பேக் போதும். காலிப் பையாகக் கொண்டுபோய் அங்கே அரிசியோ பயறோ வாங்கி நிரப்புங்கள், விமானத்தில் எடை மிச்சம். எஞ்சினை அணைக்கச் சொல்ல மறக்காதீர்கள். ஓடும் எஞ்சினின் அதிர்வு படத்தையும் கெடுக்கும், சத்தத்தையும் கெடுக்கும். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கென்யாவில் அதற்கு முன்அனுமதி வேண்டும்.

கேள்வி: தடுப்பூசி உண்டா?
- வாசகர், போடி

கென்யா என்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம் போடுங்கள். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலேயே சான்றிதழ் கேட்பார்கள். கிளம்புவதற்கு 10 நாளாவது முன்னால், அரசு அங்கீகரித்த மையத்தில் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஒரு ஊசி ஆயுளுக்கும் செல்லும்.