மாங்காய்ச் சட்டை வந்த வழி

கேள்வி: 1970களில் எடுத்த படத்தில் என் தாத்தா மாங்காய் டிசைன் சட்டையும் பெல்பாட்டமும் அணிந்திருக்கிறார். இது மேல்நாட்டு ராக் இசையின் தாக்கமா?
– கல்லூரி மாணவி, பாலக்கோடு

பதில்: பெருமளவு ஆம். 1960களின் பிற்பகுதியில் சைக்கடெலிக் ராக் (போதை மயக்க அனுபவத்தை ஒலியில் காட்ட முயன்ற ராக் இசை) மேடைகளில் வண்ண எண்ணெய்க் கலவையின் மீது ஒளி பாய்ச்சித் திரையில் நெளியவிட்டார்கள். அந்த நெளிவும் நிறமும் துணியில் இறங்கின. அமெரிக்க ராக் கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பழைய ராணுவக் கோட்டு அணிந்தார். கீழே மணிபோல் விரியும் பெல்பாட்டம், முதலில் மாலுமிகளின் உடை. மாங்காயின் பயணம்தான் அழகு: பாரசீக, காஷ்மீர் நெசவிலிருந்து சால்வையாக ஐரோப்பா சென்று, கிடார் கலைஞர்களின் சட்டையில் ஏறி, சினிமா வழியாக நம்மூருக்குத் திரும்பியது. கிருஷ்ணகிரியில் தையற்கடை நடத்தும் நான் கேட்டுக்கொள்கிறேன்: அந்தச் சட்டை பெட்டியில் இருந்தால், நீண்ட காலரை வெட்டிச் சுருக்க யாரையும் விடாதீர்கள்.