ஒன்பதாம் வகுப்பில் மூன்று தடவை

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். அரையாண்டுத் தேர்வில் கணக்கிலும் அறிவியலிலும் ஃபெயில். கேட்டால், "எமினெம் இதே ஒன்பதாவதுல மூணு தடவை ஃபெயிலும்மா, இன்னைக்கு எங்க இருக்கார் பாரு" என்கிறான். சுவரில் அந்த ஆளின் படம், காதில் எந்நேரமும் ஹெட்போன், நோட்டு நோட்டாக ராப் எழுதுகிறான். அவன் தூங்கிய பிறகு ஒரு பாட்டின் வரிகளை ஃபோனில் மொழிபெயர்த்துப் படித்தேன். பெற்ற தாயையே திட்டுகிறார் அந்த மனிதர். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. நோட்டையெல்லாம் கிழித்துப் போடு என்கிறார் என் கணவர். இந்த எமினெம் நல்லவரா, கெட்டவரா? நான் என்ன செய்வது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: நோட்டைக் கிழிக்க வேண்டாம் சகோதரி. இதை முதலில் உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். மற்றதைப் பொறுமையாகப் பேசலாம்.

உங்கள் மகன் சொல்வது உண்மைதான். எமினெம் ஓர் அமெரிக்க ராப் பாடகர். மார்ஷல் மாதர்ஸ் என்பது அவருடைய நிஜப் பெயர். பெயரின் முதலெழுத்துகளான இரண்டு 'எம்'களும் சேர்ந்துதான் எமினெம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தை ஒட்டியிருக்கும் வாரன் என்ற ஊரில் ஒன்பதாம் வகுப்பை மூன்று முறை படித்தும் தேறாமல், 17 வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனால் இந்தக் கதையில் ஒரு வரியை மட்டும் உருவி உங்களிடம் நீட்டுகிறான் பையன். மிச்சத்தை நீங்கள் தெரிந்துவைத்துக்கொண்டால் அவனிடம் பேச உங்களுக்கும் ஒரு விஷயம் கிடைக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1972இல் மிசூரி மாநிலத்தில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார். மிசூரிக்கும் டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்துக்குமாக அம்மாவும் பிள்ளையும் வீடு மாறிக்கொண்டே இருந்தார்கள். வீடு மாறினால் பள்ளிக்கூடமும் மாறும். ஒவ்வொரு புதுப் பள்ளிக்கூடத்திலும் புதுப் பையனுக்கு அடி காத்திருக்கும். ஒரு தடவை சக மாணவன் அடித்ததில் தலையில் பலத்த காயம் பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒன்பதாம் வகுப்பில் தோற்றது பற்றிப் பின்னாளில் கேட்டபோது, தான் முட்டாள் என்பதால் அல்ல, பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை, அந்தச் சூழ்நிலையைத் தாங்க முடியவில்லை என்ற பொருளில்தான் பதில் சொன்னார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்ப வருகிறேன்.

ராப் அவருக்கு அறிமுகமானது ரானி என்ற தாய்மாமன் மூலம். மாமன் என்றாலும் கிட்டத்தட்ட இவர் வயதுதான், கூடவே வளர்ந்தவர். அவர் கொடுத்த ஒரு கேசட்டில்தான் எல்லாம் ஆரம்பித்தது. 1991இல் அந்த மாமன் தற்கொலை செய்துகொண்டார். அப்போது மார்ஷலுக்கு 19 வயது.

இனிதான் உங்கள் மகன் சொல்லாமல் விட்ட பகுதி. பள்ளியில் தோற்ற அந்தப் பையன் வீட்டில் அகராதி படித்துக்கொண்டிருந்தார். கதைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆங்கில அகராதி. வேண்டிய நேரத்தில் வேண்டிய சொல் கைக்கு வர வேண்டும் என்ற ஒரே ஆசை. 2010இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் பெட்டி நிறையத் துண்டுக் காகிதங்களைக் கொட்டிக் காட்டினார். ஓட்டல் அறைக் காகிதம், கிழிந்த தாள் என்று கையில் கிடைத்ததில் எல்லாம் பொடிப் பொடியாக எழுத்து. பாட்டு வரிகள்கூட இல்லை, பின்னால் உதவும் என்று சேர்த்துவைத்த சொற்கள். பைத்தியக்காரன் கிறுக்கல் மாதிரி இருக்கும், பார்த்தால்.

அடியின் கடைசியில் ஒலி ஒன்றி வருவதை நம் யாப்பிலக்கணம் இயைபு என்கிறது. ராப்பின் உயிர்நாடி அதுதான். ஆங்கிலத்தில் 'ஆரஞ்சு' என்ற சொல்லுக்கு இயைபே கிடையாது என்பது பழைய பேச்சு. அதே பேட்டியில் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, ஆரஞ்சை இரண்டு துண்டாக உடைத்து இழுத்துச் சொன்னால் போதும் என்று 'ஃபோர் இன்ச்', 'டோர் ஹிஞ்ச்', 'ஸ்டோரேஜ்', 'பாரிட்ஜ்', 'ஜார்ஜ்' என்று வரிசையாக அடுக்கிக் காட்டினார். ஒரு சொல்லின் உயிரொலியை எங்கே நீட்டலாம், எங்கே மடக்கலாம் என்று வருஷக்கணக்கில் உட்கார்ந்து பார்த்த ஆளுக்குத்தான் இது வரும். எனக்கு ராப் பெரிதாகப் பிடிக்காது. என் அக்கா மகன் வலுக்கட்டாயமாக உட்காரவைத்து அந்தப் பேட்டியைக் காட்டினான். அன்றைக்கு நான் கட்சி மாறினேன்.

டெட்ராய்டின் வட எல்லையில் ஓடுவது எட்டு மைல் சாலை. சாலைக்குத் தெற்கே நகரம், பெரும்பாலும் கறுப்பின மக்கள். வடக்கே புறநகர், பெரும்பாலும் வெள்ளையர்கள். ராப் கறுப்பின இளைஞர்கள் உருவாக்கிய கலை. அதில் வெள்ளைக்காரப் பையன் மேடை ஏறினால் வாய் திறக்கும் முன்பே கூச்சல் எழும். ராப்பில் 'பேட்டில்' என்று ஒரு போட்டி உண்டு. இருவர் எதிரெதிரே நின்று, அந்த இடத்திலேயே பாட்டுக்கட்டி ஒருவரை ஒருவர் வார வேண்டும். நம் ஊர் லாவணி கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. டெட்ராய்டில் ஹிப்-ஹாப் ஷாப் என்ற துணிக்கடையில் சனிக்கிழமைகளில் இந்தப் போட்டி நடக்கும். நடத்தியவர் ப்ரூஃப், மார்ஷலின் இளவயது நண்பர். எமினெம் கத்தி தீட்டியது அங்கேதான்.

வயிற்றுப்பாட்டுக்கு ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார், சமையல் செய்தார். 1995 கிறிஸ்துமஸ் அன்று மகள் பிறந்தாள். அடுத்த ஆண்டு 'இன்ஃபினிட்' என்ற முதல் ஆல்பம். ஏறக்குறைய ஆயிரம் பிரதிதான் போட்டார்கள். அதையும் தாமே தூக்கிக்கொண்டு போய் விற்க வேண்டியிருந்தது. வேறொரு பாடகரைக் காப்பி அடிக்கிறான் என்றார்கள் கேட்டவர்கள். மகளின் பிறந்தநாளுக்குச் சில நாள் இருக்கும்போது உணவக வேலையும் போனது. வயது 24, கையில் நாற்பது டாலர். உங்கள் மகன் சுவரில் ஒட்டியிருக்கும் படம் இந்த வருஷத்துப் படம் இல்லை, அல்லவா?

1997இல் லாஸ் ஏஞ்சலஸில் ராப் ஒலிம்பிக்ஸ் என்ற போட்டி. வாடகை வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட கையோடு அங்கே போனார். ஜெயித்தாரா? இல்லை, இரண்டாவது இடம். ஆனால் அந்தப் பயணத்தில் கைமாறிய ஒரு டேப், இன்டர்ஸ்கோப் என்ற இசை நிறுவனத்தின் ஜிம்மி ஐயோவின் வழியாக டாக்டர் ட்ரே என்ற ராப் ஜாம்பவானின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. 1999 பிப்ரவரியில் 'தி ஸ்லிம் ஷேடி எல்பி' வந்தது. அதற்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். 2000இல் வந்த அடுத்த ஆல்பம் அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே 17 லட்சத்துக்கும் மேல் விற்றது. '8 மைல்' படத்துக்காக எழுதிய 'லூஸ் யுவர்செல்ஃப்' 2003இல் ஆஸ்கர் வாங்கியது. ராப் பாட்டு ஒன்றுக்கு ஆஸ்கர் கிடைத்தது அதுவே முதல் தடவை. நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்று விழாவுக்கே போகாமல் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார் மனிதர்.

சரி, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த வரிகளுக்கு வருவோம்.

ஸ்லிம் ஷேடி என்பது அவர் போட்டுக்கொண்ட வேஷம். கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே கிண்டல் பண்ணுவான், யாரும் அடிக்கப் போவதில்லை. அந்த மாதிரி, வாயில் வராததையெல்லாம் பேச ஓர் ஆள். இந்த விளக்கத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. பெண்களைப் பற்றியும் ஓரினச் சேர்க்கையாளர்களைப் பற்றியும் அவர் எழுதிய சில வரிகள் வேஷம் கலைந்த பிறகும் அசிங்கமாகவே இருக்கின்றன. அமெரிக்காவிலேயே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் 'ஸ்டேன்' என்ற பாட்டை மகனோடு உட்கார்ந்து ஒருமுறை கேளுங்கள். கடிதங்களுக்குப் பதில் எழுதிக் காலம் தள்ளுகிறவன் என்பதாலோ என்னவோ, அவர் பாட்டுகளில் எனக்கு மிக நெருக்கமானது அதுதான். ஸ்டேன் என்ற ரசிகன் தன் ராப் நாயகனுக்குக் கடிதம் எழுதுகிறான். பதில் இல்லை. மறுபடி எழுதுகிறான். அறை முழுக்க உங்கள் படம்தான், நீங்கள் பாடியதெல்லாம் என் கதைதான் என்கிறான். போகப் போகக் குரல் மாறுகிறது. கடைசியில், கர்ப்பிணிக் காதலியைக் கார் டிக்கியில் அடைத்துவிட்டு, குடிபோதையில் காரை ஓட்டியபடி டேப்பில் பேசுகிறான். பாலத்திலிருந்து கார் விழுகிறது. நாலாவது பத்தியில்தான் நாயகனின் பதில் வருகிறது. தாமதத்துக்கு மன்னித்துக்கொள், நான் பாடுவதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளாதே, அந்தப் பெண்ணை நன்றாக வைத்துக்கொள், உனக்கு ஓர் ஆலோசகர் தேவை என்று பொறுமையாக எழுதிக்கொண்டே போகிறவர், செய்தியில் பார்த்த ஒரு கார் விபத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார். பாதி வாக்கியத்தில் அது யார் என்று அவருக்கே உறைக்கிறது. சுவரில் படம் ஒட்டும் பையன்களைப் பற்றி உங்களைவிட முன்னாலேயே கவலைப்பட்டுவிட்டார் எமினெம். வெறிபிடித்த ரசிகனைக் குறிக்க 'ஸ்டேன்' என்ற சொல் இன்று ஆங்கில அகராதிகளிலேயே ஏறிவிட்டது. அகராதி படித்தவருக்கு அகராதி செய்த மரியாதை.

அடுத்து, அம்மாவைத் திட்டிய பாட்டு. 2002இல் வந்த அதைத்தான் நீங்கள் படித்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இருவருக்கும் ஒத்துப்போனதே இல்லை. தன்னைப் பற்றி அவதூறாகப் பேசுகிறான் என்று 1999இல் அந்த அம்மா மகன்மீது வழக்கே போட்டார். ஆனால் 2013இல் 'ஹெட்லைட்ஸ்' என்று இன்னொரு பாட்டு எழுதினார் எமினெம். அந்தப் பழைய பாட்டு ரேடியோவில் வந்தால் கூசுகிறது, மேடையில் இனி அதைப் பாடுவதில்லை, என்ன இருந்தாலும் நீ என் அம்மா என்று மன்னிப்புக் கேட்கும் பாட்டு. அதன் வீடியோ அடுத்த ஆண்டு அன்னையர் தினத்தன்று வெளிவந்தது. அந்த அம்மா 2024 டிசம்பரில் காலமானார். ஒரு பாட்டை மட்டும் படித்துவிட்டு விழித்திருந்தீர்கள். இன்னொன்றையும் மொழிபெயர்த்துப் படித்துவிடுங்கள்.

மாத்திரைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புகழின் உச்சியில் தூக்க மாத்திரை, வலி மாத்திரை என்று ஆரம்பித்துப் பழக்கம் முற்றியது. 2006இல் ப்ரூஃப் சுட்டுக் கொல்லப்பட்டார். எமினெம் அறைக்குள் முடங்கினார். 2007 டிசம்பரில் மெத்தடோன் என்ற மருந்தை அளவுக்கு மீறி விழுங்கி மயங்கி விழுந்தார். இன்னும் இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார்களாம் டாக்டர்கள். மகளின் பிறந்தநாளான கிறிஸ்துமஸ் அந்த வருஷம் ஆஸ்பத்திரியோடு போனது. 2008 ஏப்ரலில் நிறுத்தியவர் இன்றுவரை தொடவில்லை. தெளிந்து எழுந்த பிறகு ராப் பாடவே மறுபடி பழக வேண்டியிருந்ததாம். 2010இல் வந்த ஆல்பத்தின் பெயர் 'ரிகவரி'.

நல்லவரா கெட்டவரா என்று கேட்டிருந்தீர்கள். கறாரான பதில் என்னிடம் இல்லை. உழைப்பாளி. அது மட்டும் நிச்சயம்.

உங்கள் மகனிடம் வருவோம். ராப் எழுதுவதால் ஃபெயிலாகிறானா, பள்ளிக்கூடத்தில் வேறேதாவது நடக்கிறதா? யாராவது கேலி செய்கிறார்களா, அடிக்கிறார்களா? எமினெம் கதையில் அடி வாங்கியது முதலில் வந்தது, ஃபெயிலானது பின்னால் வந்தது. மார்க்கைப் பற்றிப் பேச்செடுக்காமல் இதைக் கேளுங்கள். நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்டால் வாயே திறக்க மாட்டான். வண்டியில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கடைக்குப் போகும்போது கேட்டுப் பாருங்கள்.

நோட்டைப் பார்க்க வேண்டுமென்றால் அவனே காட்டட்டும். தூங்கும்போது எடுக்காதீர்கள். தமிழில் எழுதுகிறான் என்றால் ஒரு நல்ல தமிழ் அகராதி வாங்கி, ஒன்றும் சொல்லாமல் மேஜைமேல் வையுங்கள். ஆங்கிலமென்றால் ஆங்கில அகராதி. புரட்டுகிறானா என்று பாருங்கள். புரட்டினால் கணக்குக்கு ஒரு ட்யூஷன் போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம். தூசி படிந்தால் சுவரில் இருப்பது வெறும் படம்தான், வயசு தாண்டினால் தானாகக் கழன்றுவிடும்.

மறுபடி அந்த மூன்று தடவைக் கதையை எடுத்தானென்றால், அவர் மகள் எவ்வளவு படித்தாள் என்று கேளுங்கள். 2018இல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உளவியல் பட்டம் வாங்கினாள்.

அடுத்த கடிதத்தில் அவன் எழுதியதில் நாலு வரி சேர்த்து அனுப்புங்கள். அவனைக் கேட்டுவிட்டு.