பெல்ட் தேர்வுக்கு முன் ஊன்றுகாலைப் பாருங்கள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: பொள்ளாச்சியில் படிக்கும் என் பதினொரு வயது மகன் ஒன்றேகால் ஆண்டாகக் கராத்தே வகுப்புக்குப் போகிறான். இப்போது பச்சை பெல்ட் வாங்கியிருக்கிறான். சுழன்று உதைக்கும்போது தடுமாறுகிறான். உதைப்பது வலது கால், ஆனால் இரவில் வலிப்பது இடது முழங்கால். மாஸ்டர் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்கிறார். அடுத்த பெல்ட் தேர்வுக்கும், கோயம்புத்தூரில் நடக்கும் ஒரு ‘சர்வதேச’ போட்டிக்கும் சேர்த்துப் பணம் கட்டச் சொல்கிறார். கட்டலாமா, வகுப்பையே நிறுத்திவிடலாமா?

வகுப்பை இப்போதைக்கு நிறுத்த வேண்டியதில்லை, பணத்தையும் இப்போதைக்குக் கட்ட வேண்டியதில்லை. உதைக்கும் கால் ஒன்று, வலிக்கும் கால் இன்னொன்று என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பதுதான் உங்கள் கடிதத்தில் முக்கியமான செய்தி. மவாஷி கேரி என்னும் அந்தச் சுழல் உதையில் பார்ப்பவர் கண்ணெல்லாம் மேலே போகும் காலில்தான் இருக்கும். ஆனால் உதை நன்றாக வருவதும், முழங்கால் கெடுவதும் தரையில் நிற்கும் ஊன்றுகாலைப் பொறுத்தவை. இடுப்பு இலக்கை நோக்கித் திரும்பும்போது ஊன்றுகாலின் பாதமும் வெளிப்புறமாக வட்டத்தில் நாலில் ஒரு பங்காவது திரும்பியாக வேண்டும். பாதம் தரையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டால், இடுப்போடு தொடை மட்டும் திரும்ப, அந்த முறுக்கு முழுவதும் நடுவில் இருக்கும் முழங்காலில் போய் விழுகிறது. உங்கள் மகன் தடுமாறுவதற்கும் வலிப்பதற்கும் இந்த ஒரே பிழை காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதை நீங்களே வீட்டில் பார்த்துவிடலாம். அவனை வெறுங்காலோடு நிற்கவைத்து, இடது பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். இடது கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வலது முழங்காலை முதலில் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, பிறகு மிக மெதுவாக அந்த உதையைச் செய்யச் சொல்லுங்கள். உதை முடிந்த நிலையில் அவன் அசையாமல் நிற்க வேண்டும். குதிகால் கோட்டைவிட்டு விலகி இலக்கின் பக்கம் திரும்பியிருந்தால் நல்லது. பாதம் கோட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு, முழங்கால் மட்டும் உள்ளே சாய்ந்திருந்தால் பிழை அங்கேதான். திருத்துவதற்கும் இதே பயிற்சிதான்: எடையைக் குதிகாலில் வைக்காமல் விரல்களுக்குப் பின்னால் உள்ள தடித்த பகுதியில் வைத்து, முதலில் பாதத்தைத் திருப்பி, அதன் பின்னரே காலை நீட்ட வேண்டும். இடுப்பு உயரத்துக்கு மேல் உதைக்கக் கூடாது, வேகமும் கூடாது. சொரசொரப்பான சிமெண்டுத் தளத்தில் வெறும் பாதம் எளிதில் வழுக்கித் திரும்பாது. மொட்டை மாடியில் வகுப்பு நடக்கிறது என்றால் விரிப்பு இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

வலி மட்டும் வேறு கதையாகவும் இருக்கலாம். முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே, எலும்பு மேடாக இருக்கும் இடத்தில் விரலால் அழுத்தினால் அவன் துடிக்கிறான் என்றால், அது வளரும் பருவத்தில் ஓடிக் குதிக்கும் பிள்ளைகளுக்கு வரும் தொல்லை. குதிப்பதைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். என்றாலும் எலும்பு மருத்துவர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். வீக்கம் இருந்தாலோ, நொண்டி நடந்தாலோ, மூட்டு மடக்க முடியாமல் பிடித்துக்கொண்டாலோ மருத்துவர் பார்க்கும்வரை வகுப்பு வேண்டாம். பிள்ளையின் மூட்டு வலியைப் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று சொல்லும் உரிமை எந்த மாஸ்டருக்கும் கிடையாது. தண்டனையாகத் தவளைப் பாய்ச்சல் போடவைப்பது, இரண்டு பேர் தோளை அமுக்கிக் கால்களை அகலப் பிரிப்பது, பத்து வயதுப் பிள்ளைகளை ஓடு உடைக்கவைப்பது ஆகிய மூன்றில் ஒன்று நடக்கும் இடத்தில்கூடப் பிள்ளையை விடாதீர்கள்.

இனி பெல்ட். ஜப்பானின் ஒகினாவா தீவில் கராத்தே வளர்ந்த காலத்தில் வண்ண பெல்ட்டே இல்லை. ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோவின் படிநிலை முறையைப் பின்பற்றி, கராத்தே ஆசான் ஃபுனாகோஷி கிச்சின் முதன்முதலாகக் கறுப்பு பெல்ட் வழங்கியது 1924-இல்தான். அந்த ஃபுனாகோஷி, டெக்கி என்னும் மூன்று கட்டாக்களை (வரிசை மாறாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொடர்களை) மட்டும் பத்து ஆண்டுகள் பயின்றவர். இன்று மூன்று மாதத்துக்கு ஒரு நிறம் மாறுகிறது, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டணம் இருக்கிறது. நிறங்களின் வரிசைகூடக் கராத்தே வகுப்புக்கு வகுப்பு வேறுபடுவதால், பச்சை பெல்ட் என்பது அந்த வகுப்புக்கு வெளியே எதையும் உறுதி சொல்வதில்லை. ஷோட்டோகான் என்னும் கராத்தே முறையின் முதல் கட்டாவான ஹெய்யான் ஷோடானில் 21 அசைவுகள் உள்ளன. மாஸ்டர் எண்ணாமல், பக்கத்துப் பையனைப் பார்க்காமல், சுவரை நோக்கி நின்று உங்கள் மகன் அதைச் செய்யட்டும். ஒவ்வொரு முன்னடியிலும் முன்கால் முழங்கால் பாதத்துக்கு நேர் மேலே நிற்கிறதா, உள்ளே சரிகிறதா என்பதை மட்டும் பாருங்கள். சரிகிறது என்றால் அவனுக்குத் தேவை அதே கட்டா இன்னும் சில மாதங்கள்.

போட்டி விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. ‘சர்வதேச’, ‘அகில இந்திய’, ‘ஓபன்’ என்று ஃபிளெக்ஸ் அடித்து, ஒரு கல்யாண மண்டபத்தில் பிள்ளைகளைத் திரட்டி, பதிவுக் கட்டணம் வாங்கி, ஏறக்குறைய வந்தவர் எல்லோருக்கும் பதக்கம் கொடுத்து அனுப்பும் வியாபாரம் எல்லையின் இரு பக்கமும் நடக்கிறது. இதற்கென்றே மாஸ்டர்களிடம் ஆள் பிடித்துத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுக்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். ‘இந்தச் சான்றிதழ் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குச் செல்லும்’ என்று அவர்கள் சொன்னால், எந்த அரசாணையின்படி என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள். ஒரு பலகை மாட்டினால் யார் வேண்டுமானாலும் கராத்தே வகுப்பு தொடங்கலாம் என்ற நிலையை அரசுகள் இத்தனை ஆண்டுகளாகக் கண்டும் காணாமலும் இருக்கின்றன. தேசியச் சங்கங்களோ தங்களுக்குள் பிளவுபட்டு அங்கீகாரச் சண்டையில் காலம் கழித்ததில், நேர்மையாகப் பயின்ற பிள்ளைகளின் சான்றிதழ்களும் சேர்ந்தே சந்தேகத்துக்கு உள்ளாகின்றன.

எல்லையோரக் குடும்பங்கள் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் பிள்ளை எந்த மாநிலம் என்பது வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்ததல்ல, பள்ளி இருக்கும் இடத்தைப் பொறுத்தது. கொழிஞ்சாம்பாறையில் குடியிருந்து, கோபாலபுரம் சோதனைச் சாவடி தாண்டிப் பொள்ளாச்சிப் பள்ளிக்குப் போகும் உங்கள் மகன், அது தமிழ்நாட்டுப் பாடத்திட்டப் பள்ளியானால், தமிழ்நாட்டுப் பள்ளி மாணவனாகவே ஆட வேண்டும். அதே பொள்ளாச்சியில் அவன் படிப்பது சி.பி.எஸ்.இ. பள்ளியானால் கணக்கு மாறிவிடும். அந்த வாரியத்துக்கென்று தனிப் போட்டிகளும், தேசியப் பள்ளி விளையாட்டுகளில் தனி அணியும் உண்டு. கேந்திரிய வித்யாலயாக்களுக்கும் நவோதயா பள்ளிகளுக்கும் அப்படியே. பள்ளிக்கு வெளியே சங்கங்கள் நடத்தும் மாவட்ட, மாநிலப் போட்டிகளில் ஆதாரில் உள்ள முகவரியைக் கேட்பார்கள். அங்கே அவன் பாலக்காட்டுப் பையன் ஆகிவிடுவான். ‘முகவரியை நான் மாற்றித் தருகிறேன்’ என்று எவராவது முன்வந்தால் சம்மதிக்காதீர்கள். பின்னாளில் ஆவணம் சரிபார்க்கும்போது மாட்டிக்கொள்வது உங்கள் பிள்ளைதான். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் நேரில் கேட்டால் பத்து நிமிடத்தில் விவரம் கிடைக்கும், இதற்கு இடைத்தரகர் எதற்கு?

மாஸ்டரிடம் சண்டை வேண்டாம். ‘ஊன்றுகால் திரும்பவில்லை, முழங்கால் வலிக்கிறது, இந்த முறை தேர்வு வேண்டாம், அந்த உதையை மெதுவாகத் திருத்திக் கொடுங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள். அக்கறை உள்ளவர் அன்றைக்கே பையனை ஓரமாக நிறுத்தி அவன் பாதத்தைப் பார்ப்பார். பணத்தைப் பற்றியே பேசினால் வேறு வகுப்பு பாருங்கள். தேர்வு மூன்று மாதம் கழித்து மறுபடியும் வரும், வலி நின்று, நாற்காலியைப் பிடிக்காமல் இரண்டு காலாலும் உதைத்து நிற்க முடிந்தால் அப்போது எழுதட்டும்.