வெறும் கடைக்காரரா?

கேள்வி: ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரைச் சினிமா முன்னோடி என்று கொண்டாடுகிறீர்களே, அவர் வெறும் கடைக்காரர்தானே? (வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா)

பதில்: அந்த ‘வெறும்’ என்ற சொல்லை முதலில் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். இந்தச் சொல்லோடு நான் மல்லுக்கட்டுவது இது முதல் முறையல்ல. மழையால் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்று கூலி குறைந்த மாதங்களில், தொழிலாளர் குடியிருந்த நம் லயத்து வீடுகளுக்குக் கடனுக்கு அரிசி அளந்து போட்டவர் யார்? கடைக்காரர்தான். தோட்டத்தில் பிறந்தவர் அவரை இளக்காரமாகப் பேசலாமா?

செட்டியார் காரைக்குடியில் அப்பாவின் கடையில் இசைத்தட்டு விற்றவர். பிறகு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வைத்துத் தட்டுகளைத் தாமே தயாரித்தார். தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பாட்டு ஓடும். அதற்குள் பாட்டு நெஞ்சைத் தொட வேண்டும். எந்தத் தட்டை மறுபடியும் போடச் சொல்கிறார்கள், எதற்குப் பல்லவியிலேயே முகம் சுளிக்கிறார்கள் என்பது விற்கிறவருக்குத்தான் தெரியும். அந்தக் காதுதான் அவருடைய கைமுதல்.

1935இல் எடுத்த ‘அல்லி அர்ஜுனா’ கையைச் சுட்டது. அடுத்த படமும் தேறவில்லை. மனிதர் கடையைக் கட்டவில்லை. 1938இல் ‘நந்தகுமார்’ படத்தில் நடித்தவருக்குப் பதிலாக லலிதா வெங்கட்ராமனைப் பாட வைத்தார். தமிழில் பின்னணிப் பாட்டு அங்கேதான் தொடங்கியது. 1944இல் கன்னட ‘ஹரிச்சந்திரா’வைத் தமிழ் பேச வைத்தார். ‘ஸ்ரீவள்ளி’ முடிந்த பிறகும் நாயகி ருக்மணியின் பாட்டு மனதுக்கு ஒப்பவில்லை, பி.ஏ. பெரியநாயகியைப் பாட வைத்துச் சேர்த்தார். பார்த்தீர்களா, எல்லாமே குரல் பற்றிய கவலை! பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையும் அவரிடம்தான் இருந்தது. சென்னை மாகாண அரசு கேட்டபோது ஒரு காசு வாங்காமல் கொடுத்துவிட்டார். வெறும் கடைக்காரர் செய்கிற காரியமா அது?

கடை என்றதும் என் பழைய ஆற்றாமை கிளம்புகிறது. தோட்டங்கள் தாமான்களாக, அதாவது புதுக் குடியிருப்புகளாக, மாறுகின்றன. வீடு காலி செய்கிறவர்கள் முதலில் எறிவது இந்தத் தட்டுகளைத்தான். போன மாதம் குப்பை மேட்டில் ஒன்று எடுத்தேன். விளிம்பு உடைந்திருந்தது, வரிப்பள்ளத்தில் செம்மண். ஈரத் துணியால் துடைத்ததும் ‘சரஸ்வதி’ என்ற எழுத்து மட்டும் தெரிந்தது. உங்கள் வீட்டுப் பரணில் ஏதாவது கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். ஒரு வரி எழுதிப் போடுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.