மிரளும் மட்டக்குதிரைக்குத் தைரியம் வர: கேள்வி பதில்

மாஸ்டர், மகளுக்காக 12 கை (தோள்வரை 48 அங்குலம்) உயரத்தில் 6 வயது மட்டக்குதிரை வாங்கினோம். தரையில் கட்டையைக் கண்டாலே நின்றுவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது? (கோத்தகிரி)

அந்தக் கட்டையிலிருந்தே தொடங்குங்கள், உயர்த்தாமல். முதல் நாள் ஒரே ஒரு கட்டை போதும். யாரும் ஏற வேண்டாம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நடந்து கடந்து போங்கள். அது நின்றால் நீங்களும் நில்லுங்கள். தலையைத் தாழ்த்தி மோந்து பார்க்கும், பெருமூச்சு விடும், சும்மா வாயை மெல்லும். பெரும்பாலும் அது பயம் இறங்குவதன் அடையாளம். அதுவரை இழுக்காதீர்கள்.

மூங்கில் வேண்டாம். மிதித்தால் உருண்டு காலை வாரிவிடும். கனமான தைலமரக் கட்டையைப் போட்டு, இரு முனையிலும் மணல் மூட்டையை அண்டக் கொடுங்கள்.

நடையில் பழகியதும் நான்கு கட்டைகள், டிராட்டில், அதாவது மெல்லோட்டத்தில். பெரிய குதிரைக்குச் சொல்லும் 4½ அடி இடைவெளியை அப்படியே வைக்காதீர்கள். குட்டைக் கால் எட்டாது. நடுவில் ஒரு எட்டு கூடப் போட்டுக் கட்டையில் இடித்துக்கொள்ளும், மறுநாள் கிட்டேயே வராது. 3½ அடியில் தொடங்கி, மண்ணில் குளம்புத் தடத்தைப் பாருங்கள். தடம் இரண்டு கட்டைக்கும் நடுவில் விழுந்தால் அதுதான் உங்கள் குதிரையின் அளவு.

கால் மணி நேரம் போதும். நன்றாகக் கடந்தவுடன் மகள் இறங்கிவிடட்டும். 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று ஆசைப்பட்டுத்தான் நானே இரண்டு நல்ல குதிரைகளைக் கெடுத்தேன்.

அப்புறம், கழுத்தில் ஒரு தோல் பட்டை மாட்டுங்கள். தாண்டும்போது குழந்தை அதைப் பிடிக்கட்டும். தடுமாறிக் கடிவாள வாரைப் பிடித்துத் தொங்கினால் இரும்பு வாயில் அறையும். தாண்டினால் வாய் வலிக்கும் என்று குதிரை கற்றுக்கொள்ளும்.

எவ்வளவு உயரம் தாண்ட வைக்கலாம்? (சேலம்)

அதன் முழங்காலுக்குக் கீழே, இரண்டு கட்டையைப் பெருக்கல் குறி மாதிரி வைத்து. அது அலுத்துக்கொண்டு தாண்டும் வரை உயர்த்தாதீர்கள். கழுத்துப் பட்டை கட்டாயம்.

நான் 76 கிலோ. எங்கள் போனி (மட்டக்குதிரை) 220 கிலோ. நானே பழக்கலாமா?

பக்கத்தில் நடந்து பழக்குங்கள். சேணத்தோடு சேர்த்து அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 44 கிலோதான் கணக்கு.

இரண்டரை வயதுக் குட்டி...

ஆளை ஏற்றித் தாண்டவே கூடாது. நான்கு வயதுக்கு மேல் வாருங்கள்.

தேயிலைத் தோட்டப் பாதையில் செடியில் மாட்டிய பிளாஸ்டிக் பையைப் பார்த்துத் திரும்பி ஓடிவிட்டது. சாட்டையால் ஒன்று வைக்கலாமா? (குன்னூர்)

வைத்தால், பையைப் பார்த்தால் அடியும் விழும் என்று அதன் கணக்கு முடிந்துவிடும். மிரளாத கிழட்டுக் குதிரை ஒன்றை முன்னால் விடுங்கள். சில நாள் அதன் பின்னால், பிறகு பக்கத்தில், கடைசியில் உங்களது முன்னால். பையைக் கண்டு நின்றால் முகத்தை அதன் பக்கம் திருப்பிப் பார்க்க விடுங்கள். அது தானாகத் திரும்பி ஓடுவதற்கு முன் நீங்கள் இரண்டடி பின்வாங்குங்கள், மறுபடி போங்கள். லாயத்திலும் அதே மாதிரிப் பையைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

வீடு திரும்பும்போது கடைசிக் கால் மணி நேரம் நடைதான். லாயத்தை நோக்கி ஓட விட்டுப் பழக்கினால் பிறகு யாராலும் நிறுத்த முடியாது.

காட்டுக்குள் கூட்டிப் போகலாமா?

வனத்துறையைக் கேளுங்கள்.

குதிரைக்கு நிறமே தெரியாதே, கட்டைக்கு ஏன் பெயின்ட் அடிக்கிறார்கள்? (திருப்பூர்)

யார் சொன்னது? நீலமும் மஞ்சளும் தெரியும். சிவப்பையும் பச்சையையும்தான் பிரித்துப் பார்க்க முடியாது.

எங்கள் கட்டைகள் ஆரஞ்சு நிறம். புல் தரையில் பளிச்சென்று தெரிகிறதே! (மறுபடி திருப்பூர்)

உங்களுக்குத் தெரிகிறது. குதிரைக்கு ஆரஞ்சும் புல்லும் ஏறக்குறைய ஒரே சாயல். பிரிட்டனில் தடை தாண்டும் பந்தயங்களில் காலங்காலமாக ஆரஞ்சுதான் அடித்துவந்தார்கள். எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் குதிரைக் கண்ணுக்கு எது தெரிகிறது என்று ஆராய்ந்து சொன்ன பிறகு, 2022இல் வெள்ளைக்கு மாற்றினார்கள்.

அப்படியென்றால் இவ்வளவு நாள் எப்படித் தாண்டின? (இன்னொருவர்)

நல்ல கேள்வி. நிறம் தவிர நிழல், வெளிச்ச வேறுபாடு எல்லாம் உதவும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னால் குதிரைக்குக் குருட்டு இடம் ஒன்று உண்டு. எழும்பும் நேரத்தில் கட்டை அதற்குள் போய்விடும். வரும்போதே பார்த்து வைத்ததை நம்பித்தான் தாண்டுகிறது. அதனால்தான் தலையை இழுத்துக் கட்டாதீர்கள் என்று கத்துகிறேன். திருப்பூர்க்காரரே, ஒரு டப்பா வெள்ளை பெயின்ட் வாங்குங்கள், சண்டை முடியும்.

நன்றாகத் தாண்டிய குதிரை ஒரு வாரமாக மறுக்கிறது.

பிடிவாதம் என்று முடிவு கட்டாதீர்கள். முதுகு, குளம்பு, பல், சேணம். முதலில் கால்நடை மருத்துவர், பிறகு நான்.

மாஸ்டர், போனி எவ்வளவு உயரம் தாண்டும்?

மறுபடியும் உயரக் கேள்வி! சரி. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் மேரியன் கோக்ஸ் ஓட்டிய ஸ்ட்ரோலர், தோள்வரை 57 அங்குலமே உள்ள போனி, பெரிய குதிரைகளோடு மோதி வெள்ளி வாங்கியது. உங்களுடையது எவ்வளவு தாண்டும் என்பதற்குச் சேலத்துக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். கழுத்துப் பட்டை வாங்கியாயிற்றா?